ஓ.டி.பி. சொல்லி வாங்கிய பெட்டிக்குள் உடைந்த டி.வி.: கருங்கல் சகோதரிக்குப் பதில்

கன்னியாகுமரி மாவட்டத்துக் கருங்கல் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். கணவர் குவைத்தில் இருக்கிறார். தம் தாயாருக்காக 43 அங்குல டி.வி. ஒன்றை அங்கிருந்தே ஆன்லைனில் தேர்ந்தெடுத்து, தம் அட்டையில் 27,000 ரூபாய் கட்டி, ஊர் முகவரிக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறார். வியாழக்கிழமை கொட்டும் மழையில் பெட்டி வந்தது. மாமியார் ஓ.டி.பி. எண்ணைச் சொல்லி வாங்கி உள்ளே வைத்துவிட்டார். சுவரில் மாட்டித் தரும் எலக்ட்ரீஷியனுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் நேரம் கிடைத்தது. பிரித்துப் பார்த்தால் திரையின் இடது மூலையிலிருந்து சிலந்தி வலை போல விரிசல். அன்றே செயலியில் புகார் செய்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் பதில் வந்துவிட்டது: பெட்டி பிரிக்கும் வீடியோ இல்லை, சேதத்தை 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவில்லை, எனவே கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. டி.வி. தயாரித்த நிறுவனத்தின் சர்வீஸ் ஆளும் வந்து பார்த்து, ‘வெளித்தாக்கத்தால் உடைந்தது, வாரண்டியில் வராது’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். “வாங்கியதும் நான் இல்லை, பணம் கட்டியதும் நான் இல்லை, கட்டியவர் ஊரிலும் இல்லை. விட்டுவிட வேண்டியதுதானா?” என்பது அவருடைய கேள்வி.

விட வேண்டாம். உங்கள் வழக்கில் பலவீனமான இடம் ஒன்று இருக்கிறது, அதை மறைக்காமல் பிறகு சொல்கிறேன். ஆனால் நீங்கள் பலவீனம் என்று நினைத்துப் பயப்படுகிற இடங்கள் எல்லாம் உண்மையில் பலவீனமே இல்லை. நாகர்கோவிலில் இருபத்தாறு வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து, நுகர்வோர் புகார்களை டைப் அடித்தே விரல் தேய்ந்தவன் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன்.

முதலில், சட்டத்துக்குள் போவதற்கு முன், வீட்டுக்குள் ஒரு விசாரணை. வியாழன் முதல் ஞாயிறு வரை அந்தப் பெட்டி எங்கே இருந்தது? யாராவது அதன் மேல் எதையாவது வைத்தார்களா? குழந்தைகள் இடித்துச் சாய்த்தார்களா? மாட்டும்போது எலக்ட்ரீஷியன் கைதவறினாரா? உண்மையில் வீட்டில்தான் உடைந்தது என்றால் இந்தப் பதிலை இதோடு மூடிவிடுங்கள். நான் உதவ மாட்டேன். அப்படி இல்லை, பிரித்தபோதே உடைந்துதான் இருந்தது என்று எல்லோரும் கண்ணைப் பார்த்துச் சொன்னால், மேலே படியுங்கள்.

பெட்டியைக் கையில் வாங்கிவிட்டால், அதிலும் ஓ.டி.பி. வேறு சொல்லிவிட்டால், பொருளை ஒப்புக்கொண்டதாகிவிட்டது என்று பெரும்பாலோர் நம்புகிறார்கள். கம்பெனியின் உதவி மையத்தில் பேசுகிறவர்களும் அப்படித்தான் பேசுவார்கள். இதற்குப் பதில் புதிய சட்டத்தில்கூட இல்லை. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்திலேயே இருக்கிறது. வாங்குபவர் முன்னதாகப் பார்த்துச் சோதிக்காத பொருள் அவரிடம் ஒப்படைக்கப்பட்டால், அதைச் சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும் வரை அவர் அதை ஏற்றுக்கொண்டதாகக் கருதக் கூடாது என்கிறது அதன் 41-ஆம் பிரிவு. ஆன்லைனில் வாங்கும் எந்தப் பொருளையும் நாம் முன்னால் பார்ப்பதில்லை. அட்டைப் பெட்டிக்குள் தெர்மோகோல் சுற்றிக் கிடக்கும் திரையை மாமியார் ஊடுருவிப் பார்த்திருக்க முடியாது. அவர் சொன்ன ஓ.டி.பி. ‘ஒரு பெட்டி வந்து சேர்ந்தது’ என்பதற்கு மட்டும் சாட்சி.

அதே சட்டத்தின் 42-ஆம் பிரிவு எச்சரிக்கையும் தருகிறது. நியாயமான காலம் கடந்தும் வேண்டாம் என்று சொல்லாமல் வைத்துக்கொண்டால், அல்லது பொருள் தனக்கே சொந்தம் என்பது போல எதையாவது செய்துவிட்டால், ஏற்றுக்கொண்டதாகவே ஆகும். ஆகவே பக்கத்துக் கடையில் கொடுத்து பேனலை மாற்றிவிடாதீர்கள். சகலபாடி கேட்கிறார் என்று பாதி விலைக்குத் தள்ளிவிடாதீர்கள். அப்படியே இருக்கட்டும். 43-ஆம் பிரிவு இன்னும் இனிப்பானது: மறுக்க உரிமையுள்ள பொருளை மறுக்கும்போது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அதைச் சுமந்துகொண்டு போய்த் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடமை வாங்கியவருக்கு இல்லை. ‘ஏற்க மறுக்கிறேன்’ என்று விற்றவருக்குத் தெரிவித்தால் போதும். எனவே ‘உங்கள் செலவில் கூரியரில் திருப்பி அனுப்புங்கள்’ என்று யாராவது சொன்னால், அந்த டி.வி.யை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மார்த்தாண்டம் வரை அலைய வேண்டாம்.

இனி புதிய சட்டம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதே மாதம் இணைய வணிகத்துக்கென்று தனி விதிகளும் வந்தன. ஆன்லைன் வணிகத் தளத்தில் கடை விரித்திருக்கும் விற்பனையாளர், பொருள் குறைபாடு உடையதாகவோ போலியாகவோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாததாகவோ இருந்தால், அதைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது, பணத்தைத் திருப்பித் தரவும் மறுக்கக் கூடாது என்று அந்த விதிகள் நேராகவே சொல்கின்றன. சொன்ன தேதி தாண்டித் தாமதமாக வந்த பொருளுக்கும் இதுவே விதி. இயற்கைச் சீற்றம் போன்ற காரணங்களுக்கு மட்டும் விலக்கு.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். ‘48 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவில்லை’ என்று உங்களை மடக்கியிருக்கிறார்கள் அல்லவா? விதிகளில் 48 மணி நேரம் என்ற சொல் உண்மையாகவே இருக்கிறது. அது அவர்களுக்கு விதிக்கப்பட்ட கெடு! ஒவ்வொரு இணைய வணிக நிறுவனமும் ஒரு குறைதீர் அலுவலரை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் காட்ட வேண்டும். அந்த அலுவலர் புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று ஒப்புகை தர வேண்டும்; ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும். நுகர்வோர் 48 மணி நேரத்துக்குள் சொல்லாவிட்டால் உரிமை போய்விடும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. அது கம்பெனி தனக்கென்று எழுதிக்கொண்ட நிபந்தனை.

கம்பெனி நிபந்தனைகளுக்கு மதிப்பே இல்லை என்று சொல்லமாட்டேன். பில்லில் குறிப்பிட்ட கெடுவுக்குள், கெடு எதுவும் குறிப்பிடவில்லை என்றால் 30 நாளுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் பணம் தர மறுப்பதும் நேர்மையற்ற வணிக நடைமுறை என்று சட்டம் வரையறுக்கிறது. ஆகவே பில்லை எடுத்துப் பாருங்கள். செயலியில் எங்கோ மூலையில் ஒளிந்திருக்கும் நிபந்தனையை விட, உங்கள் பில்லில் என்ன அச்சிட்டிருக்கிறது என்பதுதான் இங்கே முக்கியம். ஏழு நாளோ பத்து நாளோ போட்டிருந்தால்கூட, வியாழன் வந்த பெட்டிக்கு ஞாயிறு புகார் செய்த நீங்கள் அதற்குள் அடங்கிவிடுகிறீர்கள்.

‘இந்தப் பொருளுக்குத் திரும்பப் பெறுதல் கிடையாது’ என்ற அறிவிப்பும் இந்த ரகம்தான். போன வருடம் ஆனி மாத மழையில், மாங்காய் உப்பிலிட என் மனைவி ஒரு பீங்கான் பரணி கேட்டாள். வடசேரியில் போய் வாங்கி வந்திருக்கலாம்; சோம்பலில் ஆன்லைனில் வாங்கினேன். வந்தது பரணி அல்ல, பரணியின் ஓடுகள். கேட்டால், ‘உடையக்கூடிய பொருள், திரும்பப் பெறுவதில்லை’ என்றார்கள். நிறம் பிடிக்கவில்லை, அளவு சரியில்லை என்று மனம் மாறித் திருப்பிக் கொடுப்பதை அவர்கள் மறுக்கலாம். உடைத்துக் கொடுத்துவிட்டு மறுக்க முடியாது. இரண்டையும் ஒரே வார்த்தைக்குள் போட்டுக் குழப்புவதுதான் தந்திரம். பொருளின் விலை தொள்ளாயிரம் சொச்சம். செயலியில் நான்கு முறை கேட்டும் அசையாதவர்கள், குறைதீர் அலுவலர் பெயருக்கு விதியைக் குறிப்பிட்டு ஒரு பக்கக் கடிதம் போனதும் பணத்தை அனுப்பிவிட்டார்கள். மனைவி மட்டும் இன்றுவரை அந்தக் கதையை உறவினர்களுக்குச் சொல்லி என்னைச் சிறுமைப்படுத்துகிறாள்.

இப்போது அந்தப் பலவீனமான இடம். பொருள் உடைந்துதான் வந்தது என்று காட்டும் பொறுப்பு முதலில் புகார் செய்பவருடையது. மூன்று நாள் இடைவெளி இருக்கிறது, வீடியோ இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் இதைத்தான் பிடித்துக்கொள்வார். வீடியோ இருந்திருந்தால் இந்தப் பதிலின் பாதி தேவைப்பட்டிருக்காது. ஆனால் வீடியோ ஒன்றுதான் சாட்சியம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சாட்சியத்தைத் துண்டு துண்டாகச் சேர்க்கலாம்.

பெட்டியில் தொடங்குங்கள். அட்டை நனைந்து உப்பியிருக்கிறதா, ஒரு மூலை அமுங்கியிருக்கிறதா, ஒட்டுநாடா இரண்டாம் முறை ஒட்டியது போலத் தெரிகிறதா? விரிசல் தொடங்கும் இடது மூலைக்கு நேரே வெளி அட்டையிலும் நசுங்கல் இருந்தால், அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். உள்ளே தெர்மோகோல் உடைந்திருந்தால் அதையும் படம் எடுங்கள். முகவரிச் சீட்டு, பார்கோடு, டி.வி.யின் வரிசை எண், பில் எல்லாம் தெளிவாகத் தெரியட்டும். நம் மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்யும். மதுரை, திருநெல்வேலி என்று வண்டி மாறி மாறி, ஆரல்வாய்மொழி தாண்டி, நாகர்கோவிலில் இறங்கி, அங்கிருந்து சின்ன வண்டியில் கருங்கல் வருவதற்குள் நனைந்த அட்டை தன் உறுதியை இழந்துவிடும். மேலே வைத்த கனத்தை அதனால் தாங்க முடியாது. பெட்டி எந்தத் தேதியில் எந்த இடத்தில் இருந்தது என்பதைச் செயலியின் பயணப் பக்கமே காட்டும். அதை இப்போதே படமாகச் சேமியுங்கள். சில மாதம் கழித்து அந்தப் பக்கம் கிடைக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

அடுத்து, எலக்ட்ரீஷியன். அவர் வெளியாள், உங்களுக்குச் சொந்தமில்லை, பெட்டியைப் பிரித்ததே அவர்தான். ‘இன்ன தேதியில் இன்ன வீட்டில் சீல் பிரியாத பெட்டியை நான் திறந்தேன், திறந்தபோதே திரை உடைந்திருந்தது’ என்று அவர் எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தால் அது கனமான காகிதம். ஆணையம் வரை போனால் அதையே பிரமாணப் பத்திரமாக மாற்றிக்கொள்ளலாம். நுகர்வோர் ஆணையத்தில் புகார்களை பெரும்பாலும் பிரமாணப் பத்திரத்தையும் ஆவணங்களையும் வைத்தே தீர்மானிக்கிறார்கள். கூண்டில் ஏற்றி மடக்கும் சினிமாக் காட்சி அங்கே இல்லை.

மூன்றாவது துண்டை உங்கள் எதிரி என்று நினைத்திருக்கிறீர்கள்: சர்வீஸ் ஆள் எழுதிக் கொடுத்த சீட்டு. ‘வெளித்தாக்கத்தால் உடைந்தது’ என்ற அந்த ஒரு வரியை நான் உங்கள் பக்கத்து ஆவணமாகவே வைப்பேன். வாரண்டி கேட்டால் அது உங்களுக்குப் பாதகம். ஆனால் நீங்கள் வாரண்டி கேட்கவில்லை. வழியில் உடைந்தது என்கிறீர்கள். திரை தானாகப் பழுதாகவில்லை, வெளியிலிருந்து அடிபட்டது என்று தயாரிப்பாளரின் ஆளே சான்று தந்துவிட்டார். இனி மிச்சமிருக்கும் ஒரே கேள்வி, அடி எங்கே பட்டது என்பது. அதற்குத்தான் நசுங்கிய அட்டையும் எலக்ட்ரீஷியனும். அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். கோபத்தில் கிழித்துவிட்டீர்கள் என்றால் சர்வீஸ் மையத்தில் நகல் கேளுங்கள்.

நீங்கள் மிகவும் குழம்பிய விஷயம், புகார் செய்ய உங்களுக்கு என்ன உரிமை என்பது. சட்டத்தில் ‘நுகர்வோர்’ என்ற சொல்லுக்குள் பணம் கொடுத்து வாங்கியவர் மட்டும் அடங்கவில்லை. அவருடைய ஒப்புதலோடு பொருளைப் பயன்படுத்துகிறவரும் நுகர்வோரே. மகன் தாய்க்கு வாங்கிக் கொடுத்த டி.வி.க்குத் தாயும் நுகர்வோர். வளைகுடாவில் பாதிக் குடும்பத்தை வைத்திருக்கும் நம் ஊருக்கென்றே எழுதியது போன்ற வரி. ஆகவே மாமியார் பெயரிலேயே புகார் கொடுக்கலாம். ‘என் தாயாரின் பயன்பாட்டுக்காக நான் வாங்கியது’ என்று கணவர் தம் மின்னஞ்சலிலிருந்து ஒரு கடிதம் அனுப்பி வைக்கட்டும். அவரே புகார்தாரராக இருக்க விரும்பினால், நுகர்வோர் புகார்களுக்காக அரசு 2025 ஜனவரியில் தொடங்கிய இ-ஜாக்ருதி தளத்தில் வெளிநாட்டில் இருந்துகொண்டும் பதிவு செய்யலாம். ஆனால் மாமியார் இங்கேயே இருக்கும்போது, கையெழுத்துக்கும் விசாரணைக்கும் அவர் பெயர்தான் வசதி என்பது என் எண்ணம்.

(இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், அடிக்கடி கேட்கிறார்கள். மறுவிற்பனைக்கோ வணிகத்துக்கோ வாங்கினால் நுகர்வோர் ஆகமாட்டார். ஆனால் பிழைப்புக்காகத் தானே உழைத்துச் செய்யும் சுயதொழிலுக்கு வாங்கினால் ஆவார். தக்கலையில் வீட்டுத் திண்ணையில் தைக்கும் அக்கா வாங்கிய தையல் மிஷின் உடைந்து வந்தால் அவருக்கும் இதே உரிமை.)

இனி செய்ய வேண்டியது. செயலியில் சாட் செய்வதை நிறுத்துங்கள். அங்கே பதில் சொல்வது பாதி நேரம் இயந்திரம். மீதி நேரம் தீர்மானிக்கும் அதிகாரம் இல்லாத ஒரு பிள்ளை. தளத்தின் அடியில் சென்று குறைதீர் அலுவலரின் பெயரையும் மின்னஞ்சலையும் எடுங்கள். பில்லில் விற்பனையாளரின் பெயரும் முகவரியும் இருக்கும். முகவரி அரைகுறையாக இருந்தால் எழுத்து மூலம் கேளுங்கள். பொருள் வாங்கியவர் கேட்டால், விற்பனையாளரின் தலைமையிட முகவரி உட்படத் தொடர்பு விவரங்களைத் தளம் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. இருவருக்கும் ஒரே கடிதத்தை மின்னஞ்சலிலும் ஸ்பீடு போஸ்டிலும் அனுப்புங்கள். கடிதம் நீளமாக இருக்கக் கூடாது. திட்டக் கூடாது. இவ்வளவு போதும்:

‘இன்ன எண் கொண்ட ஆர்டரில் வாங்கிய டி.வி. இன்ன தேதி எங்கள் வீட்டுக்கு வந்தது. இன்ன தேதி பெட்டியைப் பிரித்தபோது திரை உடைந்திருந்தது. அன்றே புகார் செய்தோம். புகார் எண் இது. வீடியோ இல்லை என்றும் 48 மணி நேரம் கடந்தது என்றும் கூறி நீங்கள் மறுத்திருக்கிறீர்கள். இந்தப் பொருளை ஏற்க மறுக்கிறோம். நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள் 2020-இன்படி குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்று, செலுத்திய 27,000 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். பொருள் எங்கள் வீட்டில் பார்வைக்கு இருக்கிறது. எந்த நாளிலும் வந்து பார்த்து எடுத்துச் செல்லலாம். 15 நாளில் தீர்வு இல்லையென்றால் கன்னியாகுமரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுவோம்.’

‘வந்து பார்க்கலாம்’ என்ற வரியை விட்டுவிடாதீர்கள். பார்க்க அழைத்தும் வராதவர், பின்னால் ‘நாங்கள் பார்க்கவே இல்லை’ என்று வாதிடும்போது அந்த வரி அவர் வாயை அடைக்கும்.

கடிதம் போன கையோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். தமிழிலேயே பேசலாம். அது நீதிமன்றம் இல்லை, உத்தரவு போடாது; உங்கள் புகாரை நிறுவனத்துக்குள் இதற்கென்றே உள்ள ஆளிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும். பெரிய நிறுவனங்கள் பல இந்த ஏற்பாட்டில் இணைந்திருப்பதால், செயலியில் கல்லாக இருந்தவர்கள் இங்கே கரைந்துவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். இன்னொரு வழி, கணவர் அட்டை வாங்கிய வங்கி. பொருள் சேதமாக வந்தது, விற்றவர் பணம் தர மறுக்கிறார் என்று அந்தப் பரிவர்த்தனையை மறுத்து வங்கியிடம் எழுதலாம். அதற்குக் கெடு உண்டு; வங்கிக்கு வங்கி மாறும். அதனால் இந்த வாரமே கேட்கச் சொல்லுங்கள்.

எதற்கும் அசையவில்லை என்றால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். ‘எல்லா வழக்கும் பெங்களூரு நீதிமன்றத்துக்கு உட்பட்டது’ என்று நிபந்தனையில் இருக்கிறதே என்று பயப்படுவீர்கள். 2019 சட்டம் செய்த பெரிய உபகாரமே இதுதான்: புகார் செய்பவர் குடியிருக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ உள்ள ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இப்படி இல்லை. அப்போதெல்லாம் எதிர்த்தரப்புக்கு இங்கே கிளை இருக்கிறதா, வழக்கின் காரணம் எங்கே எழுந்தது என்று முதல் வாய்தாவிலேயே மல்லுக்கட்டு நடக்கும். ‘மத்தியஸ்தரிடம்தான் போக வேண்டும்’ என்ற நிபந்தனையும் நுகர்வோர் ஆணையத்தின் கதவை அடைக்காது. உச்ச நீதிமன்றம் 2018-இல் இதைத் தெளிவாக்கிவிட்டது.

கட்டணம்? பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் ஒரு பைசா இல்லை. வக்கீல் கட்டாயமில்லை, நீங்களே வாதிடலாம். (என் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டு சொல்கிறேன்.) வக்கீல் வேண்டும், பணம் இல்லை என்றால் நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள், பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. புகாரை வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். அத்தனை நாள் இருக்கிறதே என்று தள்ளிப் போடாதீர்கள். தாமதம் உங்கள் கதையின் மேலேயே சந்தேகத்தைக் கிளப்பும்.

புகாரில் வணிகத் தளம், விற்பனையாளர் இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். ஒருவரை விட்டால் மற்றவர் ‘அவர்தான் பொறுப்பு’ என்று காற்றில் கை காட்டுவார். ‘நாங்கள் வெறும் இடைத்தரகர், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு எங்களைப் பாதுகாக்கிறது’ என்பது தளங்களின் வழக்கமான பல்லவி. அந்தப் பாதுகாப்பு நிபந்தனைகளோடு கூடியது. பணத்தை வாங்கியது தளம், பெட்டியைத் தன் கிடங்கில் வைத்தது தளம், தன் பெயர் போட்ட வண்டியில் கொண்டுவந்து கொடுத்தது தளம், புகாரை நிராகரித்ததும் தளம் என்றால், வெறும் பலகை மாட்டியவன் நான் என்று சொல்வது எடுபடாமல் போன வழக்குகள் நிறைய.

எதிர்த்தரப்பு நோட்டீஸ் கிடைத்த 30 நாளில் பதில் தர வேண்டும். மேலும் 15 நாள் கொடுக்கலாம், அதற்கு மேல் இல்லை. நோட்டீஸ் சேர்ந்ததிலிருந்து மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைவிட இழுக்கும். ஒரு வருடம் என்று மனதில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். இடையில் சமரசத்துக்கு அனுப்பவும் வாய்ப்புண்டு. முழு விலையும் ஓரளவு செலவுத் தொகையும் தருகிறேன் என்று அங்கே சொன்னால் வாங்கிக்கொள்ளுங்கள், வீம்பு வேண்டாம். மன உளைச்சலுக்கு ஐந்து லட்சம் என்று எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தவர்கள் உண்டு. 27,000 ரூபாய் டி.வி.க்கு அப்படிக் கேட்டால் ஆணையம் உங்கள் நியாயத்தையே லேசாக எடுத்துக்கொள்ளும். விலை, அதற்கு வட்டி, அளவான இழப்பீடு, வழக்குச் செலவு, அவ்வளவே கேளுங்கள். உத்தரவு வந்தும் பணம் தராவிட்டால், அதை மீறுபவருக்கு ஒரு மாதத்திலிருந்து மூன்று வருடம் வரை சிறையோ, 25,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க வழி இருக்கிறது.

ஒரு பள்ளத்தைப் பற்றி மட்டும் உரக்கவே சொல்லிவிடுகிறேன். மக்களே, கூகுளில் ‘கஸ்டமர் கேர்’ என்று தேடி முதலில் வரும் எண்ணை அழைக்காதீர்கள். பணம் திரும்பக் கேட்டு அலைகிறவர்களைப் பிடிக்கவே போலி எண்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள். ‘பணம் அனுப்புகிறோம், இந்தச் செயலியை இறக்குங்கள், யு.பி.ஐ. பின் போடுங்கள்’ என்பார்கள். பணம் வாங்குவதற்கு பின் எண் தேவையே இல்லை. அதைக் கேட்டாலே திருடன் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஏமாந்துவிட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள். 27,000 போனதே என்று தேடப்போய் கணக்கிலிருந்த மிச்சத்தையும் இழந்தவர்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள்.

பெட்டி கொண்டுவந்த பையனிடமும் சண்டைக்குப் போகாதீர்கள். பார்சலுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி மழையில் பைக் ஓட்டுகிறவன்; திரையை அவன் உடைக்கவில்லை, உடைந்த திரைக்கு அவனால் பணம் தரவும் முடியாது. அடுத்த முறை இப்படிப் பெரிய பொருள் வந்தால், திறந்து காட்டி ஒப்படைக்கும் வசதி அந்த ஆர்டருக்கு இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். பார்த்த பிறகே ஓ.டி.பி. சொல்லச் சொல்லி மாமியாருக்குப் பழக்குங்கள். இல்லையென்றால் முகவரிச் சீட்டில் தொடங்கி வெட்டாமல் ஒரே ஓட்டமாக வீடியோ எடுத்துக்கொண்டு பிரியுங்கள்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது இரண்டு. பழைய சாமான் எடுக்கும் ஆக்கர் கடைக்காரர் தெருவில் வரும்போது பழைய அட்டை என்று நினைத்து மாமியார் அந்தப் பெட்டியை எடுத்துப் போட்டுவிடாமல் சொல்லி வையுங்கள். தெர்மோகோலோடு அப்படியே கட்டிலுக்கு அடியில் இருக்கட்டும். இரவு கணவர் அழைக்கும்போது, பில், ஆர்டர் உறுதி செய்த மின்னஞ்சல், அட்டையில் பணம் கழிந்த பக்கம் மூன்றையும் அனுப்பச் சொல்லுங்கள். மூன்றும் கைக்கு வந்ததும் மேலே உள்ள கடிதத்தில் தேதிகளை நிரப்பி நாளைக்கே தபாலில் சேர்த்துவிடலாம்.